மலரின் தாலியும் எருசலேம் சங்கமும்

உங்களில் எவராவது இனி என் வீட்டுக்கு வந்து, ஆதித் திருச்சபையைப் போல ஒரு சபையைக் கட்ட ஆசைப்படுகிறேன் என்று சொன்னால், தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். இறையியல் கல்லூரியை முடித்து, லண்டனில் ஒரு தமிழ்ச் சபையைப் பொறுப்பேற்கப் போகிற ஒவ்வொருவரும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறீர்கள். யார் உங்களுக்கு இதை மனப்பாடம் செய்விக்கிறார்களோ தெரியவில்லை.

நீங்கள் சொல்கிற அந்தச் சபையின் கதையை முழுதாக வாசித்தவர்களா நீங்கள்? எல்லோரும் ஒருமனமாய் இருந்தார்கள், அப்பம் பிட்டார்கள், உள்ளதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்ற இடம் வரையில் வாசித்துவிட்டுக் கண்ணீர் மல்கப் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுத்து அடுத்த பக்கங்களையும் திருப்பிப் பார்த்திருக்கலாம். கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு. நேற்றுவரை தங்களைச் சிறைபிடித்த பவுல் இன்று சகோதரன் என்று வந்து நிற்க, அவரை ஒருவரும் நம்பவில்லை. பேதுரு யூதனல்லாத ஒரு ரோமப் படைத்தலைவன் வீட்டுக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக, திரும்பி வந்ததும் விசாரணை. ஒரு இராணுவக்காரன் முழுக் குடும்பத்தோடும் மனந்திரும்பியிருக்கிறான். இவர்கள் கேட்டது, நீ ஏன் அங்கே சாப்பிட்டாய் என்று.

இதைப் பழி சொல்வதற்காகச் சொல்லவில்லை. இல்ஃபோர்டில் ஒரு தமிழ்ச் சபையை ஓய்வுபெறும் நாள்வரை நடத்தியவன் நான். பல இரவுகளில் எனக்கு ஆறுதலாய் இருந்தது அவர்களுடைய ஒருமனப்பாடு அல்ல, அவர்களுடைய சண்டைதான். மிஷன் என்றதும் நீங்கள் கப்பல் ஏறிப் போவதை நினைக்கிறீர்கள். கப்பல் ஏறுவது சுலபம். வந்து சேர்ந்தவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போடுவதுதான் பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டை எனக்குக் காட்டியது மலர் என்ற பெண்ணின் தாலி.

மலர் யாழ்ப்பாணத்துப் பெண். கணவர் சிவயோகன் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் குடியிருந்தார்கள். நல்ல சைவக் குடும்பம். மலர் ஒரு முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்டில் வேலை செய்தார். அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா இருந்தார். அவருக்குப் பார்வை போய்விட்டது. வேதத்தை வாசித்துக் காட்ட அந்த இல்லத்தில் தமிழ் தெரிந்தவர் மலர் ஒருவர்தான். எந்தப் பகுதியை வாசிக்க என்று கேட்டபோது, கதை உள்ள பகுதியாகப் பார்த்து வாசி பிள்ளை என்றிருக்கிறார் அம்மா. மலருக்குக் கிடைத்தது அப்போஸ்தலர்களின் கதை.

அந்த அம்மாவின் இறுதிச் சடங்குக்கு மலர் வந்தபோதுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். மயானத்தில் இருந்து திரும்பும்போது என்னோடு நடந்து வந்து, பேதுருவைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பிழை விடுகிற மனிசனை ஏன் ஆண்டவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் என்பது அவருடைய கேள்வி. நான் ஏதோ பதில் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நன்றாய் யோசித்து, கணவரோடும் பேசிய பிறகு, ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லண்டனில் நாங்கள் சபை வளர்ச்சி என்று சொல்வது பெரும்பாலும் பக்கத்துச் சபையில் கோபித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து கேட்டால், தேவதூதர்கள் பாடுவார்கள் என்று நினைத்தேன். பாடவில்லை. கமிட்டி கூடியது.

எங்கள் கமிட்டியில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் டேனியல். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், எஞ்சினியர், லண்டனின் மறுகோடியில் சட்டனில் வீடு. அங்கிருந்து ஒவ்வொரு ஞாயிறும் குடும்பத்தோடு கார் ஓட்டி வருவார். ஜெபத்திலும் உபவாசத்திலும் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. மற்றவர் எமிலி அக்கா. யாழ்ப்பாணத்தில் பழைய கிறிஸ்தவக் குடும்பம். சமையலறை முழுவதும் அவருடைய ஆட்சி. சாம்பாரா சொதியா என்ற தகராறில் இருவரும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை முறிந்த நிலையில் இருந்தார்கள்.

மலர் தாலியைக் கழற்றிவிட்டுத்தான் ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றார் டேனியல். எமிலி அக்கா உடனே தன் தாலியை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் புறா பொறித்திருந்தது. எங்கள் பரம்பரையே கட்டியிருக்கிறோம், நாங்கள் எல்லாம் கிறிஸ்தவர்கள் இல்லையோ என்று கேட்டார். உங்கள் தாலியில் புறா இருக்கிறது, அவருடையதில் பிள்ளையார் இருக்கிறார் என்றார் டேனியல். உண்மைதான். யாழ்ப்பாணத்துச் சைவர்களின் தாலியில் பிள்ளையார் உருவம் பொறிப்பது உண்டு. மலருடையதும் அப்படித்தான்.

ஒருவர் சமரசம் சொன்னார்: தாலியை உருக்கிச் சிலுவையாய்ச் செய்து கட்டட்டும். இன்னொருவர், ஞானஸ்நானத்துக்கு மட்டும் கழற்றிவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்றார். மூன்றாமவர், தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாதே என்றார். ஆண்டவருக்கும் தெரியாதோ என்று எமிலி அக்கா கேட்டார். இதற்குள் பேச்சு இந்தியாக்காரர், யாழ்ப்பாணத்தார் என்று திரும்பிவிட்டது. தாலியோடு ஞானஸ்நானம் என்று தீர்மானமானால் சட்டன் பக்கத்துக் குடும்பங்களோடு தாம் தனியாகக் கூடிக்கொள்வதாக டேனியல் சொன்னார். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

எருசலேமில் கூடிய சங்கத்தைப் பற்றி நீங்கள் கல்லூரியில் கட்டுரை எழுதியிருப்பீர்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்கள் விசுவாசிகளானார்கள். யூதேயாவிலிருந்து சிலர் வந்து, விருத்தசேதனம் செய்யாவிட்டால் உங்களுக்கு இரட்சிப்பு இல்லை என்றார்கள். பவுலும் பர்னபாவும் அவர்களோடு வாக்குவாதப்பட்டு, கடைசியில் வழக்கு எருசலேமுக்குப் போனது. அங்கே நீண்ட தர்க்கம் நடந்தது. நம்முடைய முன்னோராலேயே சுமக்க முடியாததை இவர்கள் தலையில் ஏன் ஏற்றுகிறோம் என்று பேதுரு கேட்டார். கடைசியில் எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபு, வருகிறவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று முடித்துவைத்தார். நான் கமிட்டிக்கு இதை அழகாய் எடுத்துச் சொன்னேன். வழக்கு வென்றுவிட்டது என்றே நினைத்தேன்.

டேனியல் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, அதே தீர்ப்பில் சிலைகளுக்குப் படைத்தவற்றை விலக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறதே, பாஸ்டர் என்றார். அதுவும் சரிதான். வேதம் தெரிந்த கமிட்டி அங்கத்தினரைப் போல ஒரு போதகருக்குச் சோதனை வேறில்லை. கூட்டத்தை ஒத்திவைத்தேன்.

மறுநாள் நான் போனது, எங்களுக்கு ஆராதனைக்கு இடம் தந்த ஆங்கிலச் சபையின் முன்னாள் போதகியிடம். ஓய்வுபெற்று, கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டு ஒன்றில் கீரை நட்டுக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னால் கோபிப்பார். காது மந்தம். ஆகவே என் துயரம் முழுவதையும் தோட்டம் கேட்கச் சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துத் துண்டில் வேலை செய்தவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவில் போதகி கேட்டது, பவுல் எருசலேமுக்கு யாரைக் கூட்டிப் போனார் என்று. பர்னபாவை என்றேன். வேறு யாரை என்றார். தீத்துவை என்றேன். அது இதே கூட்டமா வேறு கூட்டமா என்று அறிஞர்கள் சண்டை பிடிக்கிறார்கள், அதையும் சொன்னேன். அவர்கள் பிடிக்கட்டும், தீத்து யார் என்று கேட்டார். கிரேக்கன், விருத்தசேதனம் இல்லாதவன் என்றேன். கூட்டத்தில் அவன் என்ன பேசினான் என்றார். அவன் பேசியதாய் எதுவும் எழுதப்படவில்லை என்றேன்.

அவன் பேசத் தேவையில்லை, அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, என்னைத் தண்ணீர் வாளியைத் தூக்கிவரச் சொன்னார்.

இதை ஏன் உங்களுக்கு இவ்வளவு விவரமாய்ச் சொல்கிறேன் என்றால், ஒரு மனிதரைப் பற்றிக் கூடிப் பேசுகிற கூட்டத்தில் அந்த மனிதர் இல்லாமல் இருப்பதுதான் நம் எல்லோருக்கும் வசதியாய் இருக்கிறது. இல்லாதவரின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றுவது மிகச் சுலபம். நான் மலரையும் சிவயோகனையும் அடுத்த கமிட்டிக்கு அழைக்க முடிவுசெய்தேன்.

இதற்கும் ஆட்சேபம் வந்தது. மலர் இன்னும் அங்கத்தினர் இல்லை, கணவர் கிறிஸ்தவரே இல்லை, சட்டப்படி எப்படி அழைக்கலாம் என்று கேட்டார்கள். எந்தச் சட்டம் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாச் சபைகளிலும் இந்தச் சட்டம் இருக்கிறது. யாரும் அதைக் கண்டதில்லை.

சிவயோகனை அழைக்கக் கடைக்குப் போனேன். வெண்டிக்காய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். தான் கோயிலுக்குப் போகிற ஆள், சபைக் கூட்டத்தில் தனக்கென்ன வேலை என்றார். உங்கள் மனைவியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றேன். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஆராதனை முடிந்து மண்டபத்தின் பின்னறையில் கூடினோம். மலர் சேலை உடுத்து, எப்போதும்போல நெற்றியில் பொட்டோடு வந்திருந்தார். சிவயோகன் கடையில் போடுகிற தடித்த ஜாக்கெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். போன முறை ஓயாமல் பேசியவர்களெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருக்கச் சொன்னவர் உருக்கச் சொல்லவில்லை. ஒளிக்கச் சொன்னவர் ஒளிக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் கேட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டேனியல் மட்டும் பின்வாங்கவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். மலரை நேரே பார்த்து, மரியாதையாய், தன் நியாயத்தை முழுவதும் எடுத்துச் சொன்னார். பழையது ஒழிந்து எல்லாம் புதிதாக வேண்டும் என்றார்.

அவர் முடித்ததும் சிவயோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, இவ தண்ணியிலை இறங்கிறதிலை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவவுக்கு இதிலை ஒரு நிம்மதி இருக்கு, நான் பாக்கிறன்தானே. ஆனா எங்கட ஆக்களிலை தாலியைக் கழட்டுறது எப்ப எண்டு உங்களுக்கும் தெரியும். நான் இன்னும் சாகேல்லை."

எமிலி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கணவரை இழந்தவர். அந்தப் புறாத் தாலியை அதற்குப் பிறகும் பிடிவாதமாய்க் கட்டியிருந்தவர்.

நான் பேசியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பேசவில்லை. இது உங்களுக்குத் தொழில் சார்ந்த புத்திமதி: அறையில் உண்மையான ஒரு வார்த்தை விழுந்தவுடன் போதகர் வாயைத் திறந்து அதற்கு விளக்கவுரை கொடுக்கக் கூடாது. எங்களுக்கு இது மிகவும் கஷ்டம். அமைதியைக் கண்டால் ஜெபம் பண்ணிவிடுவோம்.

டேனியல்தான் பேசினார். குரல் மாறியிருந்தது.

"எங்கம்மா கழட்டினாங்க, பாஸ்டர். அப்பா இருக்கும்போதே கழட்டினாங்க. அப்பா ரொம்ப நாள் அவங்க முகத்தையே பாக்கல. ஊர்ல பொதுக் குழாய்ல தண்ணி பிடிக்க விடல. அப்படியும் விசுவாசத்துல நின்னாங்க. அதனாலதான் நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கேன். இப்ப கழட்டவே வேண்டாம்னு நாம தீர்மானம் போட்டா, எங்கம்மா எதுக்காக அதெல்லாம் பட்டாங்க?"

எருசலேமில் கூடிய அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். யூதச் சட்டத்தைக் கண்டிப்பாய்க் காத்த பரிசேய விசுவாசிகள் எழுந்து எதிர்த்தார்கள் என்ற வரியைக் கொஞ்சம் ஏளனமாகவே வாசிப்பது வழக்கம். அன்றுதான் அவர்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. தங்கள் தாயும் தகப்பனும் உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்றை, வேண்டாமென்று ஒரு கூட்டம் கைதட்டி முடிவெடுக்கிறது. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. அவர்களுக்கு வலித்தது.

டேனியலின் தாய்க்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலரின் கணவரைச் சாகடிக்கவும் மனம் வரவில்லை.

மலர் டேனியலின் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, உங்கட அம்மாவை ஆரும் கழட்டச் சொன்னவையோ?"

டேனியல் யோசித்தார். "இல்ல. யாரும் சொல்லல. அந்த ஊர்ல சபையே கிடையாது. அவங்களாத்தான் கழட்டினாங்க."

"அவவுக்கும் ஆண்டவருக்கும் இடையிலை நடந்தது."

"ஆமா."

"அப்ப என்னையும் ஒருத்தரும் சொல்லாமல் விடுங்கோ. எனக்கும் அவருக்கும் இடையிலை இருக்கட்டும்."

இதைச் சொல்லும்போது மலர் தாலியைத் தொடவில்லை, அழவில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். சிவயோகன் அவரைத் திரும்பிப் பார்த்தார். தன் மனைவி கழற்றமாட்டேன் என்று சொல்லவில்லை என்பது அவருக்கும் விளங்கியிருந்தது. ஒருநாள் அவராகவே கழற்றலாம், கழற்றாமலும் விடலாம். அந்தக் கதவை மலர் எங்களுக்கும் அடைத்தார், கணவருக்கும் அடைத்தார். சிவயோகன் சம்மதமாய்த் தலையை ஆட்டினார்.

ஆகவே எங்கள் தீர்மானம் மிகவும் சுருக்கமானது: மலரிடம் ஒன்றையும் கேட்பதில்லை. டேனியல், நான் எதிர்க்கவும் மாட்டேன், சரி என்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சட்டனில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டது என்று எனக்குச் சொல்ல எங்கள் சபையில் ஆள் பஞ்சமில்லை. ஒவ்வொருவரும் தாமே முதலில் சொல்வதாய் நினைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

தொலைபேசியை அவர் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, பாரிங்டனில் மாறி, சட்டனுக்குப் போனேன். வழி முழுவதும் பேச்சைத் தயார் செய்தேன். பவுலும் பர்னபாவும் மாற்கு என்ற ஒருவன் காரணமாகக் கடுமையாய்ப் பிணங்கிப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போனதையும், அதனால் ஒரு மிஷன் இரண்டானதையும் சொல்லி, பிரிந்தாலும் சகோதரராய்ப் பிரிவோம் என்று முடிக்க இருந்தேன். நல்ல பேச்சு.

டேனியலின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் தொடங்குவதற்குள் டேனியல் கேட்டார்: "ஞானஸ்நானத் தொட்டிக்கு ஹீட்டர் யார் போடுறாங்க, பாஸ்டர்?"

எங்களுக்கு மண்டபம் தந்த ஆங்கிலச் சபையில், மேடைப் பலகைக்குக் கீழே ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. அதன் ஹீட்டர் பழையது. அதை இயக்கத் தெரிந்தவர் எங்கள் சபையில் டேனியல் ஒருவரே. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஞானஸ்நானம் பெப்ரவரி மாதத்தில்.

"முதல் நாளே போடணும். ஞாயித்துக்கிழமை காலைல போட்டா ஐஸ்தான். சிஸ்டர் நடுங்கிப் போயிருவாங்க," என்றார். நான் வந்து போட்டுட்டுப் போறேன், ஆராதனைக்கு இருப்பேன்னு நினைக்காதீங்க என்றும் சொன்னார்.

நான் என் பேச்சை மடித்து வைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன். சமாதானம் பேசப் போன இடத்தில் சுடுதண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அவர் சொன்னபடியே ஹீட்டரைப் போட்டார். ஆனால் பாதி வேலையில் அது நின்று நின்று போகவே, ஞாயிறு காலையிலும் வந்து பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஹீட்டருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

மலர் வெள்ளை உடையில் தண்ணீரில் இறங்கினார். கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. வெளியே தெரிந்தது. அவர் அதை ஒளிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நான் அவரை முக்கி எடுத்தபோது, முன்வரிசையில் சபை ஆட்கள் துவாய் வைத்திருந்தும், பின்னாலிருந்து சிவயோகன் தன் வீட்டுத் துவாயோடு விரைந்து வந்து, மேடையில் ஏறி, அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினார். ஏறும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். எங்கள் சபையில் யாரும் சப்பாத்துக் கழற்றுவதில்லை. அன்று பலர் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குச் சபை தெரியாது.

சாப்பாட்டுக்குச் சிவயோகன் கடையிலிருந்து இரண்டு பெரிய பெட்டி நிறைய வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். நான் இடுப்புவரை நனைந்த உடுப்பை மாற்றிவிட்டு மண்டபத்துக்கு வந்தபோது, பழப்பெட்டிகள் மேசையில் அப்படியே இருக்க, சுற்றிலும் ஒரு கூட்டம் நின்றது. எமிலி அக்கா என்னைக் கையசைத்து அழைத்தார். மலரின் தாலிக்காக அந்தப் பாடு பட்ட அதே எமிலி அக்கா. ஒரு பெட்டியின் மூலையைக் காட்டினார். அதில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. கடையில் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் பெட்டியைத் திறப்பார்கள்போல, இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமோ என்று கேட்டார்.

நான் களைத்துப் போயிருந்தேன். தலைமயிரிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கொரிந்து பட்டணத்தில் சிலைகளுக்குப் படைத்துவிட்டுச் சந்தையில் விற்ற இறைச்சியைப் பற்றி இதே கேள்வி வந்தது, கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று பவுல் சொன்னார், யாருடைய மனச்சாட்சியாவது இடறினால் அவருக்காக விட்டுக்கொடுங்கள் என்றும் சொன்னார். இதெல்லாம் எனக்குத் தெரியும். பிரசங்கிக்கத் தெம்பில்லை. ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, எல்லோர் முன்னாலும் சாப்பிட்டேன். எமிலி அக்கா என்னையே பார்த்தார். பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில் திரும்பியது. டேனியல் ஹீட்டரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கிட்ட வந்து பெட்டியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார்.

"நான் சாப்பிட மாட்டேன், பாஸ்டர்," என்றார். "என்னால முடியாது."

சிவயோகன் எனக்குப் பின்னால் நின்றார். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

டேனியல் குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்கினார். வெளியே கொண்டுபோய் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். தடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் முதல் மேசைக்குப் போய், அங்கிருந்த வயதானவர்களுக்கு ஆளுக்கொரு பழம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த மேசைக்குப் போனார். தன் சொந்தப் பிள்ளைகள் இருந்த மேசையில், வேணும்னா எடுத்துக்கோங்க என்று பெட்டியை நீட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சிவயோகன் என் காதோடு கேட்டார்.

"இவர்தானே சாப்பிட மாட்டன் எண்டவர்?"

"ஓம்."

"பிறகேன் குடுக்கிறார்?"

வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் சம்பளம் வாங்கினேன்.

"எனக்குத் தெரியாது. அவரிட்டையே கேளுங்கோ," என்றேன்.

சிவயோகன் மற்றப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, டேனியல் இன்னும் போகாத மேசைகளின் பக்கமாய் நடந்தார்.